தண்ணீரைக் குறைத்தால் மூத்திரக் கசிவு நிற்காது

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா முதுகுவலி என்று வந்தார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. படுக்கச் சொன்னதும் தயங்கினார். அப்புறம் மெதுவாக, "இருமினா, தும்மினா மூத்திரம் போயிருது டாக்டரே, துணி மடிச்சு வச்சிருக்கேன்" என்றார். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ படிக்கிறான்.

வேலை நாளில் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டாராம். என் பொறுமை போவது இங்கேதான். குடித்தால்தானே போகும் என்று எல்லோரும் ஒரே கணக்குப் போடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகி மூத்திரப்பையை உறுத்தும், அவசரம் கூடும். கிருமித் தொற்றும் வரலாம். மலச்சிக்கல் வந்து முக்க முக்க, பிரசவத்தில் தளர்ந்த அடித்தசை (மூத்திரப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இன்னும் தளரும். எல்லாமே கசிவைக் கூட்டுகிறவை. இதயம், சிறுநீரகத்துக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடியுங்கள். குறைக்க வேண்டியது கட்டன்சாயாவையும் (பால் சேர்க்காத டீ) காப்பியையும்தான்.

கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கசிவுக்கு அது வைத்தியமே இல்லை.

இருமும்போது கசிந்தால் முதல் சிகிச்சை அந்த அடித்தசைக்கான பயிற்சி. வாயு பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுத்து, விட வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 தடவை, நாளுக்கு 3 வேளை, 3 மாதம். பத்து நாளில் விட்டுவிட்டு பலனில்லை என்று சொல்லாதீர்கள். மூச்சைப் பிடித்துக் கீழே முக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அது கெடுதல். அதனால் ஒருமுறையாவது நேரில் காட்டிச் சரிபாருங்கள். மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் வேண்டாம். உடல் எடை அதிகமென்றால், கொஞ்சம் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அவசரம் வந்து கழிப்பறை போவதற்குள் நனைந்துவிடுவது வேறு வகை. அதற்கு, மூத்திரம் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்க வேண்டும், மாத்திரையும் உண்டு. சர்க்கரையைப் பரிசோதியுங்கள். பயிற்சிக்கு அடங்காத இருமல் கசிவுக்கு அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

மூத்திரத்தில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்து, திடீரென மூத்திரம் அடைத்தாலோ அறியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அக்காமாரே, முதுகுவலி, மூட்டுவலி என்று வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவோம்.