தொடும் முன் பார்க்கணும்: பச்சிளங்குழந்தைப் பரிசோதனை கற்பிக்கும் விதம்

பிறந்த குழந்தையைப் பரிசோதிக்க முதன்முதலாக வரும் மிட்வைஃபரி (பேறுகாலப் பராமரிப்பு) மாணவியின் கை நேராக ஸ்டெதஸ்கோப்புக்குத்தான் போகும். நல்ல பயிற்றுநர் அங்கேயே தடுத்து, "முதல்ல தொடாம பாருங்க" என்பார். தோலின் நிறம், கைகால் மடங்கிக் கிடக்கும் விதம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா, மூச்சிழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்குகிறதா என்பதெல்லாம் பார்த்தே தெரிந்துவிடும். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தை சில நொடி மூச்சை நிறுத்தி, அப்புறம் வேகமெடுக்கும். அதனால் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு.

தலையில் தொடங்கிப் பாதத்தில் முடிக்கச் சொல்லித்தருவார்கள். ஆனால் உண்மையில் வரிசையை முடிவு செய்வது குழந்தைதான். தூங்கினால் இதயத்தைக் கேட்டுவிட வேண்டும். கண் திறந்தால் உடனே ஆஃப்தால்மஸ்கோப்பால் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி) விழித்திரை சிவப்பாகத் திருப்பியனுப்பும் செவ்வொளியைப் பார்க்க வேண்டும். செவ்வொளிக்குப் பதில் வெள்ளையாகத் தெரிந்தால் கண்புரையோ விழித்திரைப் புற்றோ இருக்கலாம். கண் மருத்துவரிடம் அனுப்புவதில் தாமதம் கூடாது. அழுதால் வாயைப் பார்க்க வசதி. மேலண்ணத்தை விரலால் தடவினால் மட்டும் போதாது, நாக்கை அழுத்தி டார்ச் அடித்து உள்நாக்கு வரை பார்க்கணும். பின்பக்கப் பிளவு விரலுக்கு எளிதில் தப்பிவிடும்.

இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று பார்ப்பதைப் பெரும்பாலும் கடைசிக்கு வைப்பார்கள், அதில் குழந்தை அழுதுவிடும் என்பதால். கற்பிக்க மிகக் கடினமானதும் இதுதான். பார்லோ சோதனையில் மடக்கிய தொடையை உள்பக்கம் கொண்டுவந்து மெல்லப் பின்னால் அழுத்துவார்கள். தளர்ந்த மூட்டு என்றால் தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டின் கிண்ணத்தை விட்டு வழுகும். ஆர்டோலானி சோதனை, வெளியே இருக்கும் தலையை உள்ளே கொண்டுவருவது. தொடையை அகட்டி, நடுவிரலால் தொடை எலும்பின் மேல்புடைப்பை முன்னால் தூக்கினால் 'டொக்' என்று அது உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். விரலைச் சொடுக்கியது போன்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் தசைநார் நகர்வது. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த வித்தியாசத்தை எழுத்தில் விளக்க முடியாது. அதனால்தான் மூட்டு வழுகும்படி செய்த பொம்மைகளில் முதலில் பழக்குகிறார்கள். ஒரே குழந்தையை மாணவிகள் வரிசையாக அழுத்திப் பார்ப்பது தவறு. ஆனால் பொம்மை உடலை இறுக்கிக்கொண்டு அழாது. அந்தப் பாடத்தை, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, நிஜக் குழந்தைகளிடம்தான் கற்க வேண்டும்.

கவட்டில் தொடைநாடி பார்ப்பதும் அப்படித்தான். கொஞ்சம் அழுத்திவிட்டாலே துடிப்பு மறைந்துவிடும். நாடி பலவீனம் என்றால் மகாதமனி (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம்) குறுகியிருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். ஆனால் கருவில் இரத்தத்தை நுரையீரலுக்குப் போகாமல் திருப்பிவிட்ட நாளம் பிறந்து சில நாட்களில்தான் மூடும்; அதுவரை அதன் வழியே இரத்தம் கீழுடலுக்குப் போய்விடுவதால், இந்தக் குறுக்கம் நாடியில் தெரியாமலே போகலாம். பிரிட்டனில் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறையும், 6 முதல் 8 வாரத்தில் மறுபடியும் பரிசோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தாயிடம் எப்படிச் சொல்வது என்பதும் பயிற்சியில் சேர்த்தி. "ஒரு பிரச்சினையும் இல்லைம்மா" என்று முடித்துவிடக் கூடாது. "இன்னைக்குப் பார்த்ததுல எல்லாம் சரியா இருக்கு. பால் குடிக்கும்போது மூச்சு இளைச்சாலோ, வேர்த்தாலோ, உதடு நீலமானாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்று சொல்லப் பழக்க வேண்டும்.