ருசியில் பரிசோதனை செய்யலாம், ராஜ்மாவிலும் சுரைக்காயிலும் வேண்டாம்

தில்லியில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பத்தினர் சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்பார்கள்: "மேடம், ஜனவரியில மாவு பொங்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?"

மாவு நன்றாகப் புளிக்க ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம் வேண்டும். இங்கே ஜனவரி இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உடனே உளுந்தைக் கூட்டி, அவல் சேர்த்து, வெந்தயம் போட்டு, சோடா உப்பும் தூவி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். மறுநாள் இட்லி பூப்போல வந்தாலும், எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி கல்லாகும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து போதும். அரைத்த மாவை ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டப்பாக்களில் பாதி வரை ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒன்று சமையல் மேடையில் இருக்கட்டும். இன்னொன்றை ஓவன் (oven) அடுப்புக்குள் வைத்து, சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரிய விடுங்கள். காலையில் எது எவ்வளவு ஏறியது என்று ரப்பர் பேண்ட் காட்டிக்கொடுக்கும். அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பொங்காத மாவும் வீணாகாது, தோசையாகிவிடும். இப்படித் தப்பும் தவறுமாகச் செய்து கற்பதுதான் கையில் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ராஜ்மா வேறு சங்கதி. வேகாத ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நான்கைந்து பச்சை விதைகளே போதும், மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். புதிதாக ஸ்லோ குக்கர் வாங்கியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதில் கொதிநிலை வராமல் 80 டிகிரியிலேயே நின்றுவிட்டால் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கரில் குழைய வேகவைத்தாலும் கவலையில்லை. வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்க்காமல் விரலால் நசுக்கிப் பாருங்கள்.

இதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது சுரைக்காய் ஜூஸ். பாகற்காயும் சுண்டைக்காயும் தின்று வளர்ந்த நமக்கு, கசந்தால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கசக்கும் சுரைக்காய்க்கு அது பொருந்தாது. அந்தக் கசப்பு குகுர்பிட்டாசின் என்ற நச்சு; வேகவைத்தாலும் போகாது. 2010இல் இதே தில்லியில் விஞ்ஞானி ஒருவர் கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து இறந்தார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்து எச்சரிக்கை வெளியிட்டது. நெல்லிக்காய், இஞ்சி, புதினா என்று புதுப்புதுக் கலவை செய்து பார்ப்பவர்களுக்குக் கசப்பு நாக்கில் தெரியாமலே போய்விடும். எனவே நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். துளி கசந்தாலும் முழுக் காயையும் குப்பையில் போடுங்கள்.

குடித்தபின் வயிற்றுவலி, வாந்தி, மயக்கம் வந்தால் மோர் குடித்துப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், சுரைக்காய் ஜூஸ் குடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.