மெருகுக்கு எத்தனை மைக்ரான்?

காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் தெருக்கோடிப் பெரிய வீட்டின் கார் செட்டில் கறுப்பு நிற எம்ஜி டிடி ஒன்று நிற்கிறது. 1951ஆம் வருடத்து வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். 1250 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு கார்புரேட்டர். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1950 முதல் 1953 வரை, முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்த மாடல் அது. சென்னையில் நடக்கும் பழங்கார் போட்டிக்கு அதைக் கொண்டுபோவதென்று வீட்டுக்காரத் தம்பி முடிவு செய்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய வாத்தியார். "எஞ்சினைப் பாக்க ஆளு இருக்குண்ணே. இந்தக் கறுப்பு ஏன் கறுப்பாத் தெரியலங்கறத மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார்.

செட்டுக்குள் இருந்தவரை வண்டி அழகாகத்தான் இருந்தது. காலை வெயிலில் தள்ளி நிறுத்தியதும் குட்டு வெளிப்பட்டது. பானெட்டில் தெரிந்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகக் கீறல்கள். நாலடி நகர்ந்து பார்த்தால் வலையும் கூடவே நகர்ந்து வந்தது.

இதைப் பார்க்க எம்ஜி கார் தேவையில்லை. பல வருஷம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்தால் போதும். கீறல்கள் தட்டில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. ஆனால் ஒரு கீறல் தன்மேல் விழும் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்கே மட்டுமே சிதறடிக்கும். ஆகவே சூரியனின் பிம்பத்தைச் சுற்றி எந்தெந்தக் கீறல்கள் வட்டத்தின் தொடுகோடாக அமைகின்றனவோ, அவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்பும். மற்றவை இருந்தும் தெரியாது. கண் நகர்ந்தால் வேறு கீறல்கள் முறை வாங்கிக்கொள்ளும். வலை நம்மோடு நடந்து வரும் ரகசியம் இதுதான்.

சரி, அதனால் கறுப்பு ஏன் வெளுக்க வேண்டும்? பெயிண்டின் மேல்பரப்பை நேராகப் பார்க்கும்போது, அது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் கண்ணாடிபோல் திருப்புகிறது. மீதி உள்ளே போகிறது. வெள்ளை வண்டியில் அந்த மீதி நிறத்துகள்களில் மோதிச் சிதறி வெளியே வந்து, கீறல்களை மூழ்கடித்துவிடும். கறுப்பில் உள்ளே போனது போனதுதான். கரி அதை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட இருட்டில் கீறல்கள் சிதறடிக்கும் துளி ஒளிகூடப் புகைமூட்டமாகத் தெரியும். கறுப்புக் காரைப் போட்டிக்குத் தயார் செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

மெருகு என்றால் என்ன என்று செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையிருக்கக் கூடாது. எங்கள் வீடுகளின் சுவரே பாடம் நடத்துகிறது. ஊறவைத்த சுண்ணாம்பை வெண்ணெய்போல் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கடைசிப் பூச்சாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த மெருகு அது. ஆத்தங்குடித் தரைக்கல்லின் மெருகு வேறு வழியில் வருவது. வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு இறுகவிடுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. தகட்டை விலக்கினால் கண்ணாடியின் சமதளம் கல்லில் அப்படியே படிந்திருக்கும். ஒன்று தேய்த்துப் பெற்ற மெருகு, மற்றது அச்சில் வாங்கிய மெருகு. இரண்டுக்கும் ஒளி கேட்பது ஒரே தகுதியைத்தான்: மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சிறியதாக? பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு தந்த கணக்கின்படி, நேராகப் பார்க்கும்போது மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரப்பு கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். எட்டால் வகுத்தால் சுமார் 69. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு! சாய்வாகப் பார்த்தால் இந்தக் கெடுபிடி தளரும். பட்டாலைக் கூடத்துச் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து நீளவாக்கில் பார்த்தால், நேரில் மங்கலாயிருக்கும் சுவரும் குளத்து நீர்போல் எதிர்த்தூணைக் காட்டுவது அதனால்தான். சின்ன வயதில் நாங்கள் விளையாடிய விளையாட்டு அது. ஆகையால் வண்டியை நேராகவும் பார்க்க வேண்டும், குனிந்து பக்கவாட்டில் கண்ணோட்டியும் பார்க்க வேண்டும். நேர்ப்பார்வை நுண்கீறலைக் காட்டும். பக்கவாட்டுப் பார்வை தகட்டின் நெளிவையும், டிங்கரிங் செய்த இடத்தையும், பட்டி பார்த்த மேட்டையும் காட்டிக் கொடுக்கும்.

பானெட்டின் பக்கத் தகடு ஒன்றில் பழைய பெயிண்ட் முழுக்கக் கெட்டிருந்தது. அதை மட்டும் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டூக்கோ அடிக்கிறது' என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. டூக்கோ என்பது டூபாண்ட் நிறுவனத்தின் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பெயிண்டின் வணிகப்பெயர். அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களில் வந்தது. அதற்கு முன் வார்னிஷ் காய்ந்து ஒரு கார் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். லாக்கர் அப்படியல்ல. கரைப்பான் பறந்தால் காய்ந்துவிடும். மறுபடி கரைப்பான் பட்டால் கரையவும் செய்யும். அதனால் மேல்பூச்சு கீழ்ப்பூச்சைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடுகிறது. பழைய வண்டிகளின் மெருகுக்கு ஒரு ஆழம் இருப்பதாகச் சொல்வார்களே, பல மெல்லிய பூச்சுகள் ஒரே படலமாகி, அதன்மேல் தேய்த்தெடுத்த சமதளம்தான் அது என்பது என் எண்ணம்.

இந்த லாக்கருக்கு ஐப்பசி, கார்த்திகை ஆகாது. அவசரத்தில் மழைநாளில் ஒரு பூச்சு அடித்தார் பெயிண்டர். அரைமணியில் கறுப்பின் மேல் பால் தெளித்ததுபோல வெள்ளை பூத்துவிட்டது. சரக்கு மட்டம் என்று அவர் கடைக்காரரைத் திட்டினார். குற்றம் காற்றில் இருந்தது. ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் தோல் சில்லிடுகிறதல்லவா? கரைப்பான் பறக்கும்போது பெயிண்டும் அப்படிக் குளிர்கிறது. 26 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள மழைநாளில், காற்றைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தாலே பரப்பில் பனி இறங்கும். அந்த நுண்துளிகள் ஈரப்பெயிண்டுக்குள் புகுந்ததும் நைட்ரோசெல்லுலோஸ் திரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதுதான் வெள்ளை. மாசி மாதத்து 34 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமான பகலில் பனி இறங்கப் பரப்பு 12 டிகிரி குளிர வேண்டும், அது நடப்பதரிது. நாங்கள் மாசி வரை காத்திருந்தோம். மெதுவாகப் பறக்கும் தின்னர் கலந்தும் சமாளிக்கலாம். ஆனால் காத்திருப்பதற்குச் செலவில்லை.

காய்ந்த பெயிண்டில் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிப்புள்ளியாக மேடு இருக்கும். ஸ்பிரே கன்னிலிருந்து துளிகளாக வந்து விழுந்த பெயிண்ட், ஒன்றோடொன்று ஓடிச் சமமாவதற்குள் இறுகிப்போனதன் தடம் அது. கட்டை வைத்து வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது இந்த மேடுகள் போகும். 1500 நம்பர் பேப்பரில் ஒட்டியிருக்கும் துகள் சுமார் 12 மைக்ரான், 2000 நம்பரின் துகள் சுமார் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் நானோமீட்டர். இவை போடும் கீறல் ராலே கணக்குக்கு மலையும் பள்ளத்தாக்கும்தான். ஆகவே பேப்பர் போட்டதும் கறுப்பு சாம்பலாகிவிடும். வண்டிச் சொந்தக்காரர் முகமும் அப்படியே ஆகும். பயப்பட வேண்டாம். அதற்கு மேல் காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசை, அதைவிட நுண்ணிய பாலிஷ் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியின் வேலையும் முந்தைய படி போட்ட கீறலை அழித்து, அதைவிடச் சிறிய கீறலைப் போடுவதே. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பெரிய கீறல் அடியிலேயே தங்கி, ஏதாவது ஒரு சாயங்கால வெளிச்சத்தில் வெளியே வரும்.

இங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். கீறலை அழிப்பதென்றால் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பெயிண்டை இறக்குவது என்று அர்த்தம். மெருகு ஏற்றுகிறோம் என்கிறோம். உண்மையில் எதையும் ஏற்றுவதில்லை, இறக்குகிறோம். கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் செலவழிக்கலாமா? இரும்புத் தகட்டின் மேலுள்ள பெயிண்டின் தடிமனை அளக்கக் கையடக்க மீட்டர் இருக்கிறது. அதன் முனையில் உள்ள காந்தப்புலம் இரும்பின் தூரத்துக்குத் தக்கபடி மாறுவதை வைத்து மைக்ரான் கணக்கு சொல்லும். பானெட் நடுவில் 160 காட்டியது. வலது மட்கார்டில் ஓரிடத்தில் 900! அடியில் பட்டி என்று அது சொல்லாமல் சொல்லியது. பானெட்டின் மடிப்போரத்தில் வெறும் 55. கூர்மையான விளிம்பில் ஈரப்பெயிண்ட் பரப்பு இழுவிசையால் இருபுறமும் விலகி மெலிகிறது. போதாக்குறைக்கு, மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தின் அழுத்தமும் விளிம்பில்தான் குவிகிறது. மடிப்போரங்களில் டேப் ஒட்டி, சக்கரத்தை அங்கே அண்டவிடவில்லை. கையாலும் துணியாலும் மட்டும் தொட்டோம். நாலு கீறல் இன்னும் அங்கே இருக்கிறது, இருக்கட்டும்.

கீறலை அழிக்காமல் மறைக்கவும் வழியுண்டு. ஆத்தங்குடிக் கல்லில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் தரை ஏன் பளிச்சென்றாகிறது? கல்லுக்கும் காற்றுக்கும் நடுவே நுண்குழிகளில் எண்ணெய் நிரம்புகிறது; கல்லுக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் குழி இருப்பதே ஒளிக்குத் தெரிவதில்லை. காரில் பூசும் கார்னாபா மெழுகும் அதைத்தான் செய்கிறது. பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் இது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் வெயிலில் கறுப்புத் தகடு கொதித்தாலும் வழியாது. கடைசிப் பூச்சாக அதற்கு இடம் உண்டு. தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்க்காமல் மெழுகால் நிரப்பினால், இரண்டு தடவை கழுவியதும் கீறல் திரும்பி வந்துவிடும்.

பம்பரின் பளபளப்பு பெயிண்ட் கதையல்ல, மின்வேதியியல். அதைப் பற்றிப் பேச காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் நாட்டுக்கு அர்ப்பணித்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. துருவும் முலாமும் அதன் அன்றாடப் பாடங்கள்.

குரோம் பம்பர் என்கிறோம், குரோமியம் அதில் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. அதற்கடியில் பல மைக்ரான் தடிமனில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. சமதளத்தைத் தருவது பஃப் செய்த செம்பும் நிக்கலும். குரோமியம் தன்மேல் தானே போர்த்திக்கொள்ளும் ஆக்சைடு படலத்தால் மங்காமல் காக்கிறது. சிக்கல் எங்கே என்றால், நிக்கலும் செம்பும் இரும்பைவிட எலெக்ட்ரானை எளிதில் விடாதவை. முலாமில் ஊசித்துளை ஒன்று விழுந்து ஈரம் நுழைந்தால், பெரிய நிக்கல் பரப்பு முழுவதும் எதிர்மின்வாயாகிவிடும். துளைக்கடியில் தெரியும் துளி இரும்பு மட்டும் நேர்மின்வாயாகி எல்லாருக்குமாகச் சேர்த்துக் கரையும். அதனால்தான் குரோமில் துரு பரவலாக வராமல் புள்ளியாக, ஆழமாகக் குடைகிறது. துருப்புள்ளியைச் சுரண்டிவிட்டு மேலே முலாம் போட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. பழைய முலாமை முழுக்க நீக்கி, குழியைச் செம்பால் நிரப்பித் தேய்த்துவிட்டுப் பிறகு நிக்கல் ஏற்றுபவரிடமே கொடுக்க வேண்டும்.

மரத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். எம்ஜி டிடியின் உடற்கூட்டுக்கு எலும்பு ஆஷ் மரம். அதன்மேல் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். கதவுத்தூண் ஒன்று உளுத்துப்போயிருந்தது. "வீட்டுல பர்மாத் தேக்கு கிடக்கு. நூறு வருசம் நிக்கும் சார்" என்றார் ஆசாரி. நிற்கும்தான். ஆஷ் மரம் ஈரத்தில் சீக்கிரம் இற்றுவிடும், தேக்கின் எண்ணெய் அதற்கில்லை. ஆனால் அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து நிமிர்வதில் ஆஷ் கெட்டி. கிரிக்கெட் ஸ்டம்ப் அதில் செய்வது சும்மாயில்லை. போட்டியில் முதல் கேள்வி, ஆலையை விட்டு வந்தபோது எப்படி இருந்தது என்பதே. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் 1929இலும், கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950இலும் தொடங்கிய போட்டிகள் வளர்த்த வழக்கம் இது. பெபிள் பீச்சில் 100 புள்ளியில் தொடங்கிப் பிழைக்குத் தக்கபடி குறைப்பார்கள். நிக்கல் முலாம் இருந்த காலத்து வண்டியில் குரோம் மின்னினால் குறையும். ஆகவே ஆஷ் கட்டையே வரவழைத்தோம். ஆசாரிக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அத்தனை கீறலும் வந்தது எப்படி? இந்த வீட்டில் நாற்பது வருஷமாக இருக்கும் டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "நான் தினம் காலையில துடைக்காம விட்டதே இல்லை சார். பழைய வேட்டித் துணி, பூப்போலத் துடைப்பேன்" என்றார். துணி பூதான். நம் செம்மண் புழுதியில் இருக்கும் படிகக்கல் துகள் எஃகையே கீறும் கடினம் உடையது. காய்ந்த பெயிண்ட் அதற்கு எம்மாத்திரம். உலர்ந்த தகட்டில் உலர்ந்த துணி, நடுவே புழுதி. தினம் ஒரு வாட்டர் பேப்பர் போட்டதற்குச் சமம்.

அதைக் கேட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. அவர் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், ஆறுதலாகவில்லை போலும். மறுநாள் காலை போனபோது வண்டியருகே இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. ஒன்று சோப்புத் தண்ணீர், மற்றது கை உறையை அலசுவதற்கு. முதலில் புழுதி தானாக ஓடும்படி மேலிருந்து தண்ணீர் விட்டார். பிறகு, மேல்பகுதியிலிருந்து கீழ்நோக்கி, அழுத்தாமல், ஒரே திசையில் கையை ஓட்டினார். அலசும் வாளியின் அடியில் செம்மண் வண்டலாகப் படிந்ததைச் சாய்த்து எனக்குக் காட்டினார்.