தைரியம் வந்த பிறகுதான் ஹைவேயா?

"முதலில் கொஞ்சம் தைரியம் வரட்டும்மா, அப்புறம் ஓட்டுகிறேன்."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் உளவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் பழகிப்போன ஒன்று. கார், மேடைப் பேச்சு, வேலைக்கான நேர்காணல் என்று விஷயம்தான் ஆளுக்கு ஆள் மாறும். இந்த முறை சொன்னவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

லைசன்ஸ் எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை முடித்து கார்டைத் தவறாமல் புதுப்பித்தும் வந்திருக்கிறார். ஆனால் ஹைவே என்றால் கணவர்தான் ஓட்டுவார். அவர் காலமான பிறகு உள்தெருக்களோடு சரி. ஹிகின்சன் ஹைவேயில் ஏறும் வளைவைப் பார்த்தாலே கை வியர்க்கும்.

இத்தனைக்கும் அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், இரண்டு முறை தீ மிதித்தவர். "நெருப்பில் நடந்த உங்களுக்கா லாரிகளைப் பார்த்து பயம்?" என்று வீட்டில் கேலி செய்வார்களாம். கேலி செய்பவர்களுக்குப் புரியாதது ஒன்று உண்டு. தன்னம்பிக்கை என்பது ஆள் முழுவதும் பூசிய சந்தனம் மாதிரி இல்லை. ஒரு காரியத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977ல் இதைத்தான் எழுதினார்: இந்தக் காரியம் என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, அதே காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவம். பிறர் செய்வதைப் பார்ப்பதும் "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வதும் உதவும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அப்படியானால் தைரியம் வரட்டும் என்று காத்திருப்பவர், சமைக்காமலேயே சாப்பாட்டுக்கு இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான்.

அதற்காக ஒரேயடியாகக் குதிக்கச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மகள் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், "பயத்தை இன்றைக்கே உடைத்துவிடலாம்" என்று தாயை நேராக என்3 ஹைவேயில் ஓட்டவைத்தார். டர்பன் துறைமுகத்துச் சரக்கு லாரிகள் உள்நாட்டுக்குப் போகிற சாலை அது. ஸ்பகெட்டி ஜங்ஷன் (ஹைவேக்கள் பின்னிக் குறுக்கிடும் இடம்) தாண்டுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு முட்டி, ஓரமாக நிறுத்தி, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் பிறகு மூன்று வாரம் சாவியையே தொடவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது விலகினால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதுதான் வினை. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை அதைக் கணக்கு எழுதிக்கொள்கிறது.

படிப்படியாகப் போகும் முறைக்கு இந்த நாட்டிலேயே வேர் உண்டு. 1915ல் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த ஜோசப் வோல்ப்பி, இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். போரால் மனம் கலங்கிய வீரர்களுக்கு அன்றைய சிகிச்சை நிலைத்த பலன் தராததைப் பார்த்து வேறு வழி தேடினார். உடலைத் தளர்த்தப் பழக்கி, பயத்தின் மிகச் சிறிய படியில் தொடங்கி ஏற்றுவது அவர் முறை. 1958ல் அதை நூலாகவே வெளியிட்டார். தளர்வுப் பயிற்சி இல்லாமலும் பலன் கிடைக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அந்த ஏணியும், பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் போடும் வழக்கமும் இன்றும் எங்கள் கையில் இருக்கின்றன.

அம்மாவையே எண் போடச் சொன்னேன். வாசலில் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க 20. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஹிகின்சன் ஹைவேயில் போய்த் திரும்ப 45. பகலில் என்2 ஹைவேயில் ஏறி இசிபிங்கோ வரை 65. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் மேட்டில் ஏற 95.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதை ஒரு வரி எழுதவேண்டும். "மயங்கி விழுவேன்." "பின்னால் லாரி இடிக்கும்." திரும்பி வந்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதவேண்டும். அந்த நோட்டு என் பேச்சைவிட அதிகம் வேலை செய்தது. ஒரே படியை நாலைந்து முறை செய்து, அலுத்துப்போன பிறகுதான் அடுத்தது. ஒருநாள் மகளை போன் ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டே ஓட்டியதாகச் சொன்னார். அதை நிறுத்தச் சொன்னேன். கவனம் சிதறும் என்பது ஒரு பக்கம். "மகள் பேசியதால்தான் முடிந்தது" என்று பெயர் மகளுக்குப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம்.

மேடை பயம் உள்ளவர்களுக்கும் இதே கணக்குதான். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்ற காந்தி, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவரே 1893ல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் முன் பேசினார். தன் முதல் பொதுப் பேச்சு என்று பிற்பாடு அதைத்தான் சொன்னார். கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், வியாபாரத்தில் உண்மை என்ற பொருளையும் தயார் செய்துகொண்டு போயிருந்தார். நல்ல முதல் படி.

என் கதையும் இருக்கிறது. இங்கே லைசன்ஸ் தேர்வில் மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது வண்டி லேசாகப் பின்னால் உருண்டது. உருண்டாலே ஃபெயில். மறுமுறைக்கு முன் வீட்டருகே இருந்த ஒரு சரிவில் அதை மட்டும் எத்தனை முறை செய்தேன் என்று அக்கம்பக்கத்தாரைத்தான் கேட்கவேண்டும்.

எல்லா பயத்தையும் இப்படி விரட்டக்கூடாது. நள்ளிரவில் ஆளில்லாத ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) கண்ணாடியை இறக்கிவிட்டு நிற்கத் தயங்கினால், அது நோய் இல்லை, புத்தி. அதேபோல் புதிதாக நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால், பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

போன வாரம் அந்த அம்மா இருபது நிமிடம் தாமதமாக வந்தார். இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது என்2வில் நெரிசலாம். லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். எண் கேட்டேன். "முப்பது இருக்கும்." டவுன் ஹில்லுக்கு? கொஞ்சம் யோசித்தார். "எண்பத்தைந்து."