வளையத்துக்கு நேர் கீழே ஓர் ஆணி

கிளிநொச்சிப் பக்கத்துக் கிரவல் மைதானம் ஒன்றில், போட்டிக்கு முதல் நாள் மாலை, மாணவர்கள் கயிறும் சுண்ணாம்புத் தூளுமாகக் கூடைப்பந்தாட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நுனியைக் கம்பத்தடியில் ஒருவன் அழுத்திப் பிடித்திருந்தான். "அங்கே இல்லை, தம்பி" என்றேன். வளையத்தின் நடுவிலிருந்து நூலில் கல்லொன்றைத் தொங்கவிட்டோம். கல் தொட்ட இடத்தில் ஆணி அடித்து, அங்கிருந்து 6.75 மீற்றர் அளந்தோம். கம்பம் முடிவுக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. வளையத்தின் நடுவோ கோட்டிலிருந்து 1.575 மீற்றர் உள்ளே. கம்பத்திலிருந்து அளந்தால் கோடு வளையத்துக்குக் கிட்ட வந்துவிடும். அதில் பழகிய பிள்ளை வெளியூர் மைதானத்தில் எறிந்தால் பந்து வளையத்தை எட்டாது.

சர்வதேச சம்மேளனம் 1984இல் இந்தக் கோட்டை 6.25 மீற்றரில் கொண்டுவந்தது. 2010இல் 6.75க்குப் பின்தள்ளியது. அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.யில் அது 7.24 மீற்றர்.

கோடு இரண்டு புள்ளிப் பகுதியைச் சேர்ந்தது. கால்நுனி பட்டாலும் இரண்டுதான். ஆனால் கோட்டுக்கு வெளியே எழும்பி, எறிந்துவிட்டு, உள்ளே விழுந்தால் மூன்று. கலைந்த சுண்ணாம்பைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. விழும்போதும் அது கலையும். எழும்பும் காலை மத்தியஸ்தர் பார்த்திருக்க வேண்டும்.

தூரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பந்து இறங்கும் கோணம். ஒரு காப்பை மேலிருந்து பாருங்கள், முழு வட்டம். மெல்லச் சரியுங்கள், ஒடுங்கிக்கொண்டே போகும். பந்துக்கும் வளையம் அப்படித்தான். வளையத்தின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றர், ஆண்கள் பந்தின் விட்டம் சுமார் 24. பந்து கிடைமட்டத்துக்கு 45 பாகையில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வழி ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர். 30 பாகையில் 22.5தான், விளிம்பில் படாமல் நுழையவே முடியாது. தூரத்திலிருந்து பலத்தை நம்பித் தட்டையாக எறிபவர்கள் தோற்பது இங்கேதான்.

வலைப்பந்தாட்டம் ஆடும் நம் பெண் பிள்ளைகளுக்கு இது கைவந்த வித்தை. அங்கும் வளையம் 3.05 மீற்றர் உயரம்தான். ஆனால் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், தட்டி மோதவைக்கப் பலகையும் இல்லை. உயர்த்தித்தான் போட்டாக வேண்டும். கூடைப்பந்துக்கு வரும் பையன்களை அவர்கள் பயிற்சியைப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் சிக்கல். உயரப் போகும் பந்து கூடுதல் நேரம் காற்றில் நிற்கும், விலகலும் கூடும். அப்போது கோணத்தைச் சற்றுக் குறைக்கலாம். 40 பாகையிலும் வழி 29 சென்ரிமீற்றர் இருக்கிறது.