லொகேல் என்றால் மொழியா, இடமா?

பல மொழியில் ஓடும் மென்பொருளுக்குத் தரவுத்தளம் அமைக்கிறவர்கள் மொழிபெயர்ப்பு அட்டவணையில் ‘லொகேல்’ என்று ஒரு நிரல் (மேலிருந்து கீழாகப் போகும் பத்தி) வைப்பார்கள். அது மொழிதானே என்று நினைத்து உள்ளே தமிழுக்கான ‘டிஏ’ குறியை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நானும் அப்படிப் போட்டவன்தான்.

வேர், லத்தீன் ‘லோகுஸ்’. பொருள் இடம். அது பிரெஞ்சில் ‘லொக்கால்’ ஆனது; அதை வாங்கிய ஆங்கிலேயர் அழுத்தம் பின்னசையில் விழட்டும் என்று கடைசியில் ஒரு ‘ஈ’ சேர்த்தார்கள். வேரில் மொழியே கிடையாது. கணினியில் ‘டிஏ-எல்கே’ என்றால் முன்பாதி மொழி, பின்பாதி நாடு, இங்கே இலங்கை. உலக எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடு அமைப்பு லொகேல் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் சிஎல்டிஆர் தொகுப்பில் நம் ஒரே தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனி லொகேல் இருப்பது அதனால்தான்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்துக் கணக்கு மென்பொருள் செய்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. ‘ஹாஃப் டே’க்கு ‘அரை நாள்’ என்று போட்டிருந்தேன், பிழை சொல்ல முடியாத தமிழ். சம்பளச் சீட்டைப் பார்த்த அக்கா ஒருவர், “பின்னேரம் வரைக்கும் மலையிலதானே நின்னேன் தம்பி, எப்படி அரை நாள்?” என்று கேட்டார். சரிதானே! நாள் முழுக்க நின்று பறித்தாலும் கொழுந்து நிறை குறைந்தால் இங்கே விழுவது அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்; அதற்கும் மணிக்கணக்குக்கும் சம்பந்தமில்லை.

அதற்காக ‘டிஏ-எல்கே’யில் ‘அரைப்பேர்’ என்று போட்டால் யாழ்ப்பாணத்து ஆளுக்கும் அதுதான் போகும், அவருக்கு விளங்காது. நல்லவேளையாக, ‘எக்ஸ்’ என்று ஒரு எழுத்துப் போட்டு அதன் பின்னால் நம் சொந்தக் குறியைச் சேர்க்க, லொகேல் குறி எழுதும் விதி இடம் தருகிறது. தோட்டத்துக்கென்று அப்படி ஒன்று வைத்தேன். தேடும்போது அந்த வரி இல்லாவிட்டால் வாலை வெட்டி ‘டிஏ-எல்கே’, அதிலும் இல்லாவிட்டால் வெறும் ‘டிஏ’. இதெல்லாம் நடக்க, மொழிக்கொரு நிரல் என்று பக்கவாட்டில் நீட்டாமல், வாசக எண், லொகேல், வாசகம் என்று தனி அட்டவணை வேண்டும். முதல் இரண்டும் சேர்ந்துதான் முதன்மைச் சாவி, அதாவது ஒரு வரியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். (தரவுத்தள மென்பொருள் எஸ்கியூஎல் சர்வர் என்றால் வாசக நிரலுக்கு, யுனிகோடு எழுத்துகளை ஏற்கும் ‘என்வார்சார்’ வகை போடுங்கள். ஆங்கிலத்துக்கென்று அமைத்த வெறும் ‘வார்சார்’ நிரலில் அரைப்பேர் ஒன்பது கேள்விக்குறியாகிவிடும். நமக்கு ஐந்தெழுத்து, யுனிகோடுக்கு ஒன்பது குறி.)

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மொழி’ தப்பு. ‘வட்டாரம்’ நல்ல சொல்தான், ஆனால் இலங்கையில் அது பிரதேச சபைத் தேர்தல் வட்டாரம். முகவரிப் படிவத்தில் அதே பெயரில் இன்னொரு நிரல் வந்து நிற்கும். நான் ‘இடவழக்கு’ என்கிறேன். பேச்சு மட்டுமில்லை, தேதி எழுதும் முறை, ரூபாய்க் குறி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடும் இடம் எல்லாம் ஓர் இடத்து வழக்கம்தானே. வழக்கு என்றதும் கோர்ட் ஞாபகம் வருகிறது என்றார் கூட வேலை செய்கிறவர். ‘இட’ முன்னால் இருந்தால் வராது என்று சொல்லிப் பார்த்தேன், அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.