“எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?”: கருவின் தாங்குதிறனும் அதன் எல்லையும்

“நாங்கெல்லாம் என்ன மாத்திரை சாப்பிட்டோம் டாக்டரம்மா? நாலு பெத்தேன், நாலும் நல்லாத்தானே இருக்கு?” மகப்பேறு ஓ.பி.க்கு மருமகளோடு வரும் மாமியார்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதில் உண்மை இருக்கிறது. சத்துக் குறைவு, காய்ச்சல், ஓயாத வேலை எல்லாவற்றையும் மீறி 100 குழந்தைகளில் 97 பெரிய உறுப்புக் குறைபாடு எதுவும் இல்லாமல்தான் பிறக்கின்றன. ஆனால் குழந்தை நன்றாகப் பிறந்தது என்பதை வைத்து, ஆபத்தே இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இடையில் கரு எவ்வளவோ சமாளித்திருக்கும்.

அந்தச் சமாளிக்கும் திறன் வியப்பானது. 1891இல் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மன் உயிரியலாளர், இரண்டு செல் நிலையில் இருந்த கடல் முள்ளெலிக் கருவைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உயிரிகள் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், அளவில் சிறிய, ஆனால் முழுமையான இரண்டு லார்வாக்கள் வளர்ந்தன. நம்மிடையே ஒரே கருவிலிருந்து பிறக்கும் இரட்டையரும் அப்படி வந்தவர்கள்தான்.

மரபணுவிலும் சூழலிலும் சின்னச் சின்ன மாறுதல்கள் இருந்தாலும் வளர்ச்சி ஒரே தடத்தில் போய்ச் சேருவதை 1942இல் கான்ராட் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் விளக்கினார். பள்ளத்தாக்கில் உருளும் பந்தைக் கொஞ்சம் தட்டினாலும் அது மறுபடி அடிக்கே வந்துவிடும். ஓங்கித் தட்டினால் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும். கூட்டுப்புழு நிலையில் இருந்த பழ ஈக்களுக்குச் சில மணி நேரம் சூடு கொடுத்துப் பார்த்தார். சிலவற்றுக்கு இறக்கையில் குறுக்கு நரம்பு இல்லாமல் போனது. அவற்றையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியபோது, பிறகு சூடு கொடுக்காமலேயே அந்தக் குறை தோன்றத் தொடங்கியது. அதற்கான மரபணு வேறுபாடுகள் முதலிலிருந்தே அந்த ஈக்களில் மறைந்திருந்தன. 1998இல் ருதர்ஃபோர்டு, லிண்ட்க்விஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மறைப்பின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தார்கள். மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் ஹெச்.எஸ்.பி.90 என்ற புரதம் ஈக்களில் குறைந்ததும் கண், இறக்கை, கால் என்று பல இடங்களில் கோளாறு தெரிந்தது. எந்த இடத்தில் என்பது வம்சத்துக்கு வம்சம் மாறியது.

ஈயில் கண்டதை அப்படியே மனிதக் கருவுக்குப் பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் நரம்புக்குழாய்க் குறைபாட்டில் இதே கணக்கைத்தான் பார்க்கிறேன். மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான தகடாக இருக்கின்றன. அது சுருண்டு, குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு. மேலே மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் பெரும்பகுதி உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது. ஃபோலேட் என்ற வைட்டமினைக் கையாளும் மரபணுவில் சிறு மாறுதல், உணவில் ஃபோலேட் குறைவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, ஆரம்ப வாரங்களில் கடும் காய்ச்சல், சில வலிப்பு மாத்திரைகள்: பெரும்பாலும் இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கரு தாங்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று சேரும்போதுதான் சிலருக்கு எல்லை தாண்டுகிறது. அதிலும் தற்செயலுக்குப் பங்கு உண்டு. ஒரே மரபணு, ஒரே கர்ப்பப்பை என்று இருக்கும் இரட்டையரில்கூட ஒரு குழந்தைக்கு மட்டும் குறை வந்திருக்கிறது.

சிக்கல் நேரத்தில்தான். கரு உருவான 28ஆம் நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். “ஹார்ட் பீட் வந்ததும் காட்டலாம்னு இருந்தோம்” என்று வருபவர்களுக்கு நான் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) இரத்தத்துக்கு உதவும். நரம்புக்குழாயைப் பொறுத்தவரை அது காலம் கடந்த மாத்திரை.

முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு பயன்? ஏற்கெனவே இந்தக் குறைபாட்டோடு ஒரு குழந்தை பெற்ற பெண்களிடம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் அது திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். மீதி 28 சதவீதத்தையும் நினைவில் வையுங்கள். குறையோடு குழந்தை பெற்றவளிடம் “மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா…” என்று ஆரம்பிக்கும் உறவினர்களை நான் அறைக்கு வெளியே உட்காரச் சொல்வது அதனால்தான்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றது ஈடுகட்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது ஒரே கெட்ட பிரதி இரு பக்கமிருந்தும் வர வாய்ப்பு கூடுகிறது. அத்தை, மாமா பிள்ளைகளுக்குள் நடக்கும் திருமணத்தில் பிறவிக்குறை ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால் மட்டும், அடுத்த கருவுக்கு முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போய்விடுங்கள்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தொடங்கி முதல் மூன்று மாதம் வரை எடுங்கள். ரேஷனில் செறிவூட்டிய அரிசி கிடைத்தால் அதில் ஃபோலிக் ஆசிட் சேர்த்திருப்பார்கள், நல்லது. ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். முதல் குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தவர்களுக்கும், சர்க்கரையோ வலிப்போ இருப்பவர்களுக்கும் இதைவிட அதிக அளவு தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி அளவை (ஹெச்.பி.ஏ1சி) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பது பாதுகாப்பு. வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைக் கர்ப்பத்தில் சாப்பிடும் பெண்களின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்குப் பெரிய உறுப்புக் குறைபாடு வருகிறது. அதைப் படித்துப் பயந்து இன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று வரும் வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்து. கல்யாணம் நிச்சயமானதுமே நரம்பியல் டாக்டரைப் பார்த்தால், வேறு மருந்துக்கு மெல்ல மெல்ல மாறப் போதிய மாதங்கள் கையில் இருக்கும்.